கொக்கும் கொசுவும் பதினான்கு படிகளும்

நாள்தோறும் இருநூற்று அறுபது இரும்புப் படிகளை ஏறி இறங்குகிற ஒருத்தி, தன் வீட்டுக் குளியலறை வாசலில் கிடந்த ஈரக் கால்மிதியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். செய்தி கேட்ட அனைவரும் முதலில் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகே 'அடடா' என்றார்கள். அவளும் அவர்களைக் குறை சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவளே மூன்று முறை சிரித்துவிட்டாள். ஊசி போட வந்த செவிலி, தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டாள்.

உயரமான கட்டடங்கள் எழும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுவது அவள் தொழில். ஒற்றைக் காலில் நின்று, நீண்ட கழுத்தை நீட்டி, கீழே கிடப்பதைக் கொத்தித் தூக்குகிற அந்த இயந்திரத்தைப் பார்த்து, உடன் வேலை செய்பவர்கள் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெயர் நிலைத்திருந்தது. இப்போது இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வலது காலில் அவள் நின்றபோது, அந்தப் பெயர் முன்னைவிட நன்றாகப் பொருந்தியது.

"ஆறு வாரம் இந்தக் கால் தரையில படக்கூடாது" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அவள் கணவர் ரொட்டி சுடுகிறவர். விடியும் முன்பே கிளம்பி, நண்பகலுக்குள் கையிலும் காதிலும் மாவோடு வீடு திரும்புவார். மனைவியின் காலைப் பார்த்து, "தினமும் மாவு பிசையறது நான். கட்டு போட்டுக்கிட்டு சொகுசா உக்காந்திருக்கிறது நீ" என்றார். அந்த வேடிக்கைக்கு ஆயுள் ஒரே நாள்தான். அடுத்த நாளிலிருந்து அவள் நாற்காலியில் அமர்ந்தபடியே வீட்டை நடத்தத் தொடங்கினாள். அலமாரி அரை அடி நகர்ந்தது. பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது. டப்பாக்கள் உயர வரிசையில் நின்றன. திரைச்சீலை கழற்றி மாட்டப்பட்டது. ஐந்தாம் நாள் அந்த நல்ல மனிதர் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்.

தம்பி, மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டு செல்லும் வண்டியை ஓட்டுபவன். வீட்டில் அவனுக்குக் 'கொசு' என்று பெயர். அதை வைத்தவள் அண்ணிதான். திருமணமாகி அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது அவனுக்குப் பத்து வயது. பறவைகள் எங்கே தூங்கும், விமானத்துக்கு வியர்க்குமா என்று நாள் முழுவதும் அவள் காதருகே ரீங்காரமிட்டான். புது இடத்தின் கூச்சத்தில் ஒரு வாரமாக வாய் திறவாதிருந்தவள், எட்டாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "கொசு, கொஞ்சம் தள்ளிப் போறியா?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு வீடே குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கொசு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவளுக்கு அது தன் வீடாயிற்று.

அந்தக் கொசு, கையில் ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டியோடு வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் போன்ல அழறாரு. 'அவளுக்கு ஏதாவது வேலை குடுடா, இல்லேன்னா எனக்குக் குடுத்துக்கிட்டே இருப்பா'ங்கறாரு."

"என்னடா கொசு இது?"

"ஸ்கேட்போர்டு கேம். சக்கரம் வெச்ச பலகைமேல நின்னு ஊரெல்லாம் சுத்தலாம், குதிக்கலாம், கம்பியில சறுக்கலாம்."

"காலை உடைச்சுக்கிட்டவளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்கலையா உனக்கு?"

"இதுல எவ்வளவு உடைஞ்சாலும் மூணு எண்ணுறதுக்குள்ள எழுந்து நிப்பீங்க. அதான் இதோட அழகு."

தொலைக்காட்சித் திரையில் ஒரு நகரம் விரிந்தது. மஞ்சள் தொப்பிச் சட்டை அணிந்த ஒரு பெண் பலகையின்மேல் நின்று காத்திருந்தாள். கொசு அவளை வீதிகளில் ஓட்டிக் காட்டினான். நடைபாதை விளிம்பில் தாவினான், பெஞ்சின் மேல் சறுக்கினான். ஒரு நூலகத்தின் வாசலில் அகலமான படிக்கட்டு வந்தது. அதை ஒட்டி ஓடிய சரிவுப் பாதையில் நழுவி இறங்கினான்.

"படியில ஏன் குதிக்கலை?"

"பதினாலு படி அண்ணி. அதுக்கெல்லாம் ரெண்டு வருஷம் பழகணும்."

"எனக்கு ஆறு வாரம் இருக்கு."

கொசு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவன் முகத்தில் திடீரென்று ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண். அவள் குடும்பத்தார், அண்ணியின் கட்டுப் பிரித்த மறுநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத் தேதி பேச முதல்முறையாக இந்த வீட்டுக்கு வர இருந்தார்கள். பெண்ணின் அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சர். அவர் சிரித்ததைக் கண்டவர் எவரும் இல்லை என்று கேள்வி.

"பந்தயம் வெச்சுக்கலாமா அண்ணி? கட்டுப் பிரிக்கிற நாளுக்குள்ள அந்தப் பதினாலு படியையும் குதிச்சு, விழாம போய்க் காட்டணும். முடியலேன்னா, அன்னையிலிருந்து இந்த வீட்டுல யாரும் என்னைக் கொசுன்னு கூப்பிடக் கூடாது. நீங்களும்தான். எப்பவும்."

"குதிச்சுட்டா?"

"குதிச்சுட்டா... அவங்க எல்லார் முன்னாடியும் கூப்பிடுங்க. வாயைத் திறக்க மாட்டேன்."

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "டேய், இவகிட்ட பந்தயம் கட்டாதேடா. எனக்கு அனுபவம் இருக்கு. கட்டித்தான் இங்க இருக்கேன்."

"சரி" என்றாள் கொக்கு. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கொசு போன பிறகு, அந்தப் பெயர் வீட்டில் ஒலிக்காத ஒரு நாளை நினைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசை திடீரென்று அகலமாகிவிட்டதுபோல் இருந்தது. கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

கன்ட்ரோலரில் கட்டைவிரல்களுக்கு இரண்டு குச்சிகள் இருந்தன. வலது குச்சியைக் கீழே இழுத்தால் மஞ்சள் சட்டைக்காரி குனிவாள். சட்டென்று மேலே தட்டினால் குதிப்பாள். இடது குச்சி திசைக்கு. கொக்குவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. கிரேன் கூண்டுக்குள்ளும் அவள் இரு கைகளுக்கும் இரண்டு நெம்புகோல்கள்தானே! இது நம் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்புதான் அவளை முதல் வாரம் முழுவதும் குப்புறத் தள்ளியது. நான்கு டன் கண்ணாடியைத் தூக்குகிற கை எதையும் வெடுக்கென்று செய்யாது. முதலில் கயிறு இறுகும், பிறகு சரக்கு தரையை விட்டு ஒரு விரற்கடை எழும், ஆட்டம் அடங்கும், அதன் பிறகே மேலே போகும். அவள் கட்டைவிரல் அப்படித்தான் குச்சியை இழுத்தது, அப்படித்தான் விட்டது. திரையில் மஞ்சள் சட்டைக்காரி மிகுந்த மரியாதையோடு மெல்லக் குனிந்து, மெல்ல நிமிர்ந்தாள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல் இருந்தது. அப்படி வணங்கியபடியே நடைபாதை விளிம்பில் இடித்து விழுந்தாள். குப்பைத்தொட்டியை வணங்கி விழுந்தாள். தெருவிளக்குக் கம்பத்தை வணங்கி விழுந்தாள்.

"ரொம்ப நல்லா வளர்த்திருக்கே. எல்லாருக்கும் கும்பிடு போடுது" என்றார் கணவர்.

"பேசாம இருங்க."

"ஒரு கதை சொல்றேன் கேளு. மதில்மேல இருந்து பூனை குதிக்கிறதைப் பார்த்து, ஒரு பூசணிக்காய்க்குத் தானும் குதிக்கணும்னு ஆசை வந்துதாம். உருண்டு வந்து குதிச்சுதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விதை நாலாப் பக்கமும் தெறிச்சுது. அடுத்த வருஷம் மதிலுக்குக் கீழே முப்பது பூசணிக்காய். முப்பதும் மதிலையே பார்த்துக்கிட்டு வளர்ந்துதாம்."

அவள் சிரித்த சிரிப்பில் கன்ட்ரோலர் மடியிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போனவர், பாத்திரம் கழுவிய ஈரக் கையை முதலில் உதறினார். அந்த உதறலை அவள் பார்த்தாள். நீர்த்துளிகள் சுவரில் போய் ஒட்டின.

"இன்னொரு தடவை உதறுங்க."

"எதை?"

"கையை. அதே மாதிரி."

அவர் உதறினார். அவள் கட்டைவிரல் உதறியது. மஞ்சள் சட்டைக்காரி தரையை விட்டு எழும்பி, அரை அடி உயரத்தில் காற்றை மிதித்து, பலகையோடு இறங்கி, தன் பாட்டுக்கு உருண்டு போனாள்.

அந்த அரை அடி இருக்கிறதே, அதன் உயரம் கிரேன் ஓட்டுபவளுக்குத்தான் தெரியும். எழுபது மீட்டர் உயரத்தில் அமர்ந்து மேகத்தை முகர்ந்தவள், அந்த அரை அடிக்காக வீடு அதிரக் கத்தினாள். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அவள் ஊன்றுகோலால் கூரையைத் தட்டிப் பதில் சொன்னாள். அன்று மாலைக்குள் நாற்பது முறை குதித்தாள். மேசையைச் சுற்றி வருவதுபோல் அந்த நகரத்தின் நடைபாதைகளை எல்லாம் குதித்தே சுற்றினாள்.

இரண்டாம் வாரத்தில் காற்றிலேயே பலகையைச் சுழற்றக் கற்றாள். மூன்றாம் வாரத்தில் கம்பியில் சறுக்கினாள். நேற்று மலையாக இருந்தது இன்று திண்டாகி, நாளை மறந்தே போகும் அதிசயம் அவளைத் தலைகால் புரியாமல் ஆட்டிவைத்தது. பல் துலக்கும்போது பிரஷ் பல்வரிசையின் விளிம்பில் சறுக்கியது. குழந்தை நடை பழகும்போது எழுவதும் விழுவதுமே வேலையாக இருக்கும். அதற்குக் களைப்பும் தெரியாது, வெட்கமும் தெரியாது. அவளும் அந்த வயதுக்குத் திரும்பியிருந்தாள். வித்தியாசம் ஒன்றுதான்: குழந்தை விழுந்தால் அழும், இவள் விழுந்தால் கணவரைத் திட்டுவாள்.

ஆனால் ஒரு குறை தீரவில்லை. எந்தத் தாவலிலும் அவள் இமைப்பொழுது பிந்தினாள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. கண்டுபிடித்தவர் கணவர்.

"ஒவ்வொரு தடவையும் குதிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஏன் பார்க்கறே?"

"நான் எங்க பார்த்தேன்?"

"பார்க்கறே. கண்ணு லேசா இந்தப் பக்கம் வருது. நான் என்னவோ சொல்லணும்கிற மாதிரி."

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். உண்மைதான். கிரேன் கூண்டில் அவளாக ஒருநாளும் சரக்கை அசைத்ததில்லை. கீழே நின்று சைகை சொல்பவர் வாக்கி-டாக்கியில் 'தூக்கு' என்றால் தூக்குவாள். 'இடது' என்றால் இடது. பதினோரு ஆண்டுகளாகக் காதில் ஒரு குரல் விழுந்த பிறகே கை அசைந்திருக்கிறது. இங்கே கை அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அப்போ நீங்களே சொல்லுங்க. விளிம்பு வந்ததும் 'தூக்கு'ன்னு சொல்லணும். சரியா?"

"இதோ. வருது... வருது... இப்போ... இல்ல இல்ல, இன்னும் கொஞ்சம்... தூ... அடடா, போயிடுச்சே!"

மஞ்சள் சட்டைக்காரி ஒரு பூந்தொட்டிக்குள் தலைகீழாக நின்றாள். இன்னும் ஆறு முறை பார்த்துவிட்டு, கொக்கு அவரை வேலையிலிருந்து நீக்கினாள். "நீங்க ரொட்டி சுடவே போங்க. அங்கதான் கருகினாலும் உயிருக்கு ஆபத்தில்லை." பிறகு தானே முணுமுணுப்பாக 'தூக்கு' என்று சொல்லிக்கொண்டாள். கை நம்பவில்லை, சொல்வது யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான்கு நாட்கள் அந்தக் கையோடு வாதாடினாள். ஐந்தாம் நாள் கை சரி என்று ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு நூலகப் படிக்கட்டுக்குப் போனாள்.

பதினான்கு படிகளின் உச்சியில் நின்று பார்ப்பதும் கிரேன் கூண்டிலிருந்து கீழே பார்ப்பதும் அவளுக்கு ஒன்றாகத் தெரியவில்லை. அங்கே தலை சுற்றியதே கிடையாது. இங்கே, நாற்காலியில் அமர்ந்தபடியே, கட்டுப் போட்ட கால் கூசியது. முதல் ஐம்பது முறை எட்டாம் படியிலேயே போய் விழுந்தாள். விழுந்த விதங்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். பொத்தென்று சரிந்தால் 'மூட்டை'. கதவிடுக்கில் நுழையும் கடிதம்போல் வயிற்றால் வழுக்கிப் போனால் 'தபால்'. பலகை ஒரு திசையும் ஆள் ஒரு திசையுமாகப் பிரிந்தால் 'பாகப்பிரிவினை'. கடைசிப் படியில் நிதானமாக உட்கார்ந்துவிட்டால் 'விருந்தாளி'. ரொட்டிப் பலகையில் கணவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு எண்ணினார்.

"இன்னைக்கு நிலவரம் என்ன?" என்று கொசு தினமும் தொலைபேசியில் கேட்பான்.

"மூட்டை இருபது, தபால் பதினாலு, பாகப்பிரிவினை ஒன்பது. விருந்தாளிங்க வந்துக்கிட்டே இருக்காங்க" என்பார் அண்ணன்.

"நல்லது, நல்லது. நல்லா கவனிச்சு அனுப்புங்க."

ஐந்தாம் வாரம் எட்டாம் படி பத்தாயிற்று, பத்து பன்னிரண்டாயிற்று. ஒரு நண்பகல், கோடுகள் நானூற்றைத் தாண்டிய பொழுதில், மஞ்சள் சட்டைக்காரி பதினான்கு படிகளையும் கடந்து காற்றில் போனாள். நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டன. கொக்கு மூச்சைப் பிடித்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் பலகை இடப்பக்கம் கோணி, அந்தப் பெண் தெருவில் உருண்டாள். மறுமுறையும் அப்படியே, அடுத்த நூறு முறையும் அப்படியே. படிகளை எல்லாம் வென்று, சமதரையில் விழுந்தாள்.

கட்டுப் பிரிக்க இரண்டு நாள் இருந்தபோது கொசு நேரில் வந்தான். சமையலறையில் தேநீருக்குப் பால் வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகத்தில் இருந்த சிரிப்பு ஒழுகி இறங்கியது. அண்ணி படிகளைத் தாண்டிக்கொண்டிருந்தாள்! இறங்கிய இடத்தில் ஒரு நூலிழைதான் பாக்கி. அந்த நேரத்தில் பின்னால் 'ஸ்ஸ்' என்றது.

"அய்யோ, நிறுத்து!" என்று பாலைப் பார்த்து அலறினான்.

கொக்குவின் இரண்டு கட்டைவிரல்களும் குச்சிகளை விட்டுவிட்டு அந்தரத்தில் நின்றன. குதிக்கத் தொடங்கிய மஞ்சள் சட்டைக்காரி, தொடங்கிய இடத்திலேயே படிகளில் சிதறினாள்.

"என்ன அண்ணி, ஏன் விட்டீங்க?"

"நீதானே நிறுத்துன்னே?"

"நான் பாலைச் சொன்னேன்."

"யாரு சொன்னாலும் நிறுத்தணும்டா. எங்க தளத்துல அது சட்டம். தூக்குன்னு ஒருத்தர்தான் சொல்லலாம். ஆனா நிறுத்துன்னு யாரு வேணாலும் சொல்லலாம், தண்ணி கொண்டு வர்றவர்கூட. கேட்டதும் கையை எடுத்துடணும். ஏன்னு அப்புறம்தான் கேக்கணும்."

கொசுவின் முகத்தில் சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. பொங்கி வழிந்த பாலைத் துடைக்கக்கூட அவன் மறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கே கொசு வண்டியோடு வந்துவிட்டான். கணவர் அன்று விடுப்பு எடுத்திருந்தார். கோடுகள் அறுநூற்று முப்பத்திரண்டு. படிக்கட்டு இன்னும் வெல்லப்படவில்லை.

"இருபது நிமிஷம் இருக்கு அண்ணி. ஆசைக்குக் குதிச்சுக்கோங்க" என்று அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வசதியாக நின்றுகொண்டான்.

அவள் ஓட்டி வந்தாள். உச்சிப் படி வந்தது. குச்சி கீழே போனது.

"நிறுத்து!"

மூட்டை.

"டேய்!"

"நான் ஒண்ணும் பண்ணலையே. தெருவுல ஒரு வண்டி போச்சு. அதைச் சொன்னேன்."

மறுபடி வந்தாள். "நிறுத்து!" என்றான், இம்முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. தபால்.

"இது அநியாயம்டா" என்றார் அண்ணன். பிறகு மனைவியிடம் திரும்பி, "காதுல பஞ்சு வெச்சுக்கோ. மருந்து வண்டி வாசல்லயே நிக்குது, பஞ்சுக்கா பஞ்சம்?" என்றார்.

கொக்கு தலையசைத்து மறுத்தாள். விளையாட்டு முகம் ஒரு கணம் அவளிடமிருந்து விலகியது. "வேண்டாங்க. கால் பலமானதும் நான் மேலே ஏறணும். கீழே எப்பவும் ஆளுங்க இருப்பாங்க. அந்தச் சொல்லுக்கு நிக்காத கை எனக்கு வேண்டாம். அதைப் பழக்கித்தான் இந்தப் பந்தயத்துல ஜெயிக்கணும்னா, தோத்துட்டே போறேன்."

கொசு சற்று நெளிந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டான். தட்டச்சரின் சிரிக்காத முகத்தையும் நினைத்துக்கொண்டான். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

மூன்றாம் முறை அவள் வீதியின் மறுகோடியிலிருந்து கிளம்பினாள். தோற்கத்தான் போகிறோம் என்று ஆனபின் கையில் ஒரு லேசு வந்திருந்தது. வழியில் ஒரு பெஞ்சின் மேல் ஏறிச் சறுக்கினாள். இறங்கும்போதே பலகையைச் சுழற்றினாள். நூலக வாசலுக்குக் காற்றாக வந்து, உச்சிப் படியில் உதறி எழுந்தாள். மஞ்சள் சட்டை விரிந்து பறந்தது. அத்தனை உயரத்துக்கு அவள் அதுவரை போனதில்லை.

கொசு வாயைத் திறந்தான். அதிலிருந்து முதலில் வந்தது "அடேயப்பா, அண்ணி!" என்பதுதான். மஞ்சள் சட்டைக்காரி பதினான்காம் படியையும் தாண்டிய பிறகே அவனுக்குத் தன் வேலை நினைவு வந்தது.

"நி... நிறுத்து!"

கட்டைவிரல்கள் குச்சிகளை விட்டன.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. பலகை கோணவில்லை. அந்தப் பெண் முழங்காலை மடக்கி, நிமிர்ந்து, கைகளைத் தாழ்த்தி, ஒன்றுமே நடவாததுபோல் தெருவில் உருண்டு போய்க்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திருப்பாததால் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு மரம், ஒரு கடை, இரண்டு விளக்குக் கம்பங்கள் கடந்து போயின. அறையில் மூவரும் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

"இறக்கி வெச்ச சரக்கை இத்தனை நாளா பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்திருக்கேன்!" என்று கொக்கு கூவினாள். "தரை தொடுறதுக்குள்ள விட்டுடணும்! விட்டுட்டா தானா நிக்குது! விடவேண்டிய நேரத்தை நீ சொல்லிட்டேடா கொசு!"

"இது செல்லாது! நான் சொன்னதாலதான் வந்துது! நான் பேசாம இருக்கேன், இப்போ குதிங்க பார்க்கலாம்!"

"வாயை மூடிக்கிட்டு இருப்பியா?"

"சத்தியமா இருக்கேன்."

முதல் முறை அவன் மௌனம் அவளைக் கவிழ்த்தது. இரண்டாம் முறை, உச்சத்தில், தன் குரலிலேயே தனக்குள் 'நிறுத்து' என்றாள். கை கேட்டது. பலகை இறங்கி, நேராகப் போயிற்று. மூன்றாம் முறையும் போயிற்று. நான்காம் முறை காற்றில் பலகையை ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்கினாள். ஐந்தாம் முறை கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். அது விருந்தாளியாகிவிட்டது, ஆனால் அதற்கும் கைதட்டல் கிடைத்தது. தட்டியவன் கொசு. எந்தக் கட்டத்தில் கட்சி மாறினான் என்பது அவனுக்கே தெரியாது. ஆறாம் முறைக்குள் அவன் நாற்காலியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். "அண்ணா, பார்த்தியா, பார்த்தியா!" என்று அண்ணனின் தோளில் குத்தினான். அண்ணன் கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் சுண்ணக்கட்டிப் பொடி ஆக்கிக்கொண்டார். கொக்கு எழுந்து, ஊன்றுகோல் இல்லாமல், ஒற்றைக் காலில் மேசையை ஒரு சுற்று தத்திச் சுற்றி வந்தாள். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மூவரும் சேர்ந்து கூரையைத் தட்டினார்கள்.

மருத்துவமனைக்கு அவர்கள் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார்கள். கட்டு வெட்டுகிறவர், கட்டைவிரலில் இந்தக் கொப்புளம் எப்படி வந்தது என்று கேட்டார். "படிக்கட்டுல குதிச்சேன்" என்றாள். அவர் எக்ஸ்ரே படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்ணும், அவள் அம்மாவும், அப்பாவும் வந்தார்கள். தட்டச்சர் கதவளவு உயரமும் அலமாரியளவு அகலமும் உடையவர். அவர் அமர்ந்ததும் நாற்காலி ஒரு சொல் சொன்னது. பிறகு வாயை மூடிக்கொண்டது. எல்லோரும் தேநீர்க் கோப்பைகளைச் சத்தம் வராமல் வைத்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள்; பிறகு மழையைப் பற்றி. கொசு கழுத்துவரை பித்தான் போட்ட புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்தான். வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் கண்ணால் மட்டும் கெஞ்சினான்.

கொக்கு அந்தக் கண்ணைப் பார்த்தாள். இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அறுநூற்று முப்பத்தைந்தாவது கோட்டில் பெற்றதை இரக்கத்துக்காக விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதுவுமல்லாமல், அறை அவள் புதுப்பெண்ணாக வந்த முதல் வாரம்போல் இறுகிக் கிடந்தது. எதிரே அமர்ந்திருந்த பெண்ணின் விரல்கள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தன.

"டேய் கொசு, அந்த பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் நகர்த்து."

பெண் உதட்டைக் கடித்துக் குனிந்தாள். தட்டச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"கொசுன்னு சொன்னேன். இவனுக்குப் பத்து வயசுல நான் வெச்ச பேரு. கல்யாணம் ஆனாலும் மாறாது. பொண்ணு வீட்டுல முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே?"

தட்டச்சர் கொசுவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"சொல்லிடவா?" என்றார் அந்த அம்மாள்.

"வேண்டாம்."

"சொல்லிடறேன்."

"வேண்டாம்னு சொல்றேன்ல?"

"எங்க வீட்டுல இவருக்குப் பேரு அணில்" என்று அந்த அம்மாள் போட்டு உடைத்தார். "நாத்தனார் வெச்சது. பேரன் எடுக்கிற வயசாச்சு, இன்னும் அணில்தான்."

முதலில் சிரித்தவள் பெண். அவளைத் தொடர்ந்து கொசு, கணவர், கொக்கு என்று வரிசையாகச் சரிந்தார்கள். தட்டச்சரின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது; மறுபக்கமும் கோணியது; பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் ஒரே சிரிப்பாகக் குலுங்கியது. நாற்காலி இம்முறை வெளிப்படையாகவே முனகியது.

"சின்ன வயசுல நான் ஒல்லியா இருப்பேன்" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் நம்பறேன் மாமா" என்றான் கொசு, மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டே.

"உங்களை இன்னைக்கு ஏன் தம்பி இவ்வளவு பயத்தோட உக்கார வெச்சிருக்காங்க?" என்று கேட்டார் தட்டச்சர்.

பந்தயக் கதை வெளியே வந்தது. மூட்டையும் தபாலும் பாகப்பிரிவினையும் வந்தன. பெண் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். திரை ஒளிர்ந்தது, கொக்கு குதித்து இறங்கிக் காட்டினாள், அடுத்து பெண் வாங்கிப் பார்த்தாள், அடுத்து கன்ட்ரோலர் தட்டச்சரின் கைக்குள் போய்க் காணாமலே போயிற்று. நாள் முழுவதும் எழுத்துகளைப் படபடவென்று தட்டிய விரல்கள். அவை குச்சியைத் தொட்டதுமே மஞ்சள் சட்டைக்காரி மதிலைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்தாள்.

"ஒரு நிமிஷம். இது எப்படி? இன்னொரு தடவை."

"தேதி பேச வந்தோம்" என்று நினைவூட்டினார் அவர் மனைவி.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க. எந்தத் தேதின்னாலும் எனக்குச் சரி" என்றார் அணில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு.